எழுபத்தொரு சதவீதம்

கட்டட இன்ஜினீயர் ஆபீஸில் எல்லோரும் அவளை எஸ்டிமேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கட்ட வருகிறவர்களுக்கு இருபத்துநாலு வருஷமாகச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள். வருகிறவர்கள் மனசில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு வருவார்கள். அவள் பேப்பரில் வேறொரு தொகையை எழுதுவாள். சிலர் சண்டை போடுவார்கள். சிலர் வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ஃபைலை எடுத்தாள். "நான் எழுதலைன்னா விலை குறைஞ்சிடுமா?" என்று கேட்பாள். அவள் போட்ட கணக்கு பெரிதாகத் தப்பினதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஏற்கெனவே வாங்கிப்போட்டிருந்த மனையில் வீடு கட்டப்போகிறேன் என்று தம்பி சொன்னபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. புருஷன் கிரேன் ஓட்டியவர். வேலை நேரத்தில் சங்கிலி அறுந்து செத்துப்போனார். பிள்ளை குட்டி கிடையாது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தம்பியின் வாடகை வீட்டில்தான் இருந்தாள். வாடகையில் பாதி அவளுடையது. தம்பி மருந்து கோடவுனில் சூப்பர்வைசர். தம்பி மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். ஒரே மகள், பாப்பா என்று கூப்பிடுவார்கள், பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்த ரெண்டு அறையில் ஒன்றில் அத்தையும் பாப்பாவும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டார்கள். நாலு வயசில் வந்து ஒட்டிக்கொண்ட பெண், இப்போது சுவரோரம் திரும்பிப் படுக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பதினான்கு பக்க எஸ்டிமேட்டை மேஜையில் வைத்தாள். கடைசிப் பக்கத்தில் முப்பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரம் என்று போட்டிருந்தது.

தம்பி மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் பார்த்தாள். "கட்டறதுக்கு முன்னாடியே இடிக்கறீங்களே, அண்ணி" என்றாள்.

மேஸ்திரியும் அன்றைக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அதில் ஏழெட்டு வரிதான். இருபத்தெட்டு லட்சம். "ஆயிரத்தி இருநூறு சதுர அடி, மாடியோட. சாவிய உங்க கையில கொடுத்துட்டுத்தான் நான் கடைசிப் பணம் வாங்குவேன், சார்."

அவள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். "மண்ணு நிரப்பறது எங்க இருக்கு? கரண்ட் இணைப்புக்கு டெபாசிட்? தண்ணி லாரி? கட்டி முடியற வரைக்கும் இந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கணுமே, அது?"

மேஸ்திரி சிரித்தார். "மேடம் ஆபீஸ்ல உக்காந்து கணக்கு போடறவங்க. நான் வெயில்ல நின்னு போடறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்தான்.

தம்பி கையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. பேங்க் லோன் பதினாறு, மனைவியின் நகையும் சேமிப்பும் நாலு, அவளுடைய ஒன்பது. ஆக இருபத்தொன்பது. அந்த ஒன்பது புருஷன் செத்ததற்கு வந்த நஷ்டஈடு. பேங்கில் போட்டு வட்டியைக்கூடத் தொடாமல் வைத்திருந்தாள்.

"உன் கையில இருக்கறது இருபத்தொம்போது" என்றாள் தம்பியிடம். "அப்ப எண்ணூத்தி அம்பது சதுர அடி கட்டு. மாடி வேணாம். ரெண்டு ரூம், ஒரு ஹால். அத நிம்மதியா முடிக்கலாம். மாடிய பின்னால பாத்துக்கலாம்."

"மாடிலதான் என் ரூம்" என்றாள் பாப்பா.

பேச்சு அங்கேயே முடிந்துபோயிற்று. மேஸ்திரிக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்கள்.

தன் ஒன்பது லட்சத்துக்கு அவள் கேட்டது ஒன்றுதான். கீழ்த்தளத்தில் பத்துக்குப் பதினொன்றில் ஒரு அறை, அதோடு ஒட்டி ஒரு பாத்ரூம். முட்டி வலி, படி ஏற முடியாது. "அக்கா, அது உன் வீடுக்கா. ரூம்னு தனியா கேக்கறியே" என்றான் தம்பி. அடுத்தவர்களிடம் ரசீது இல்லாமல் செங்கல்கூட வாங்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறவள், தம்பியிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, பணத்தை அவன் கணக்குக்கு மாற்றிவிட்டு, ஆபீஸுக்கு அரை மணி லேட்டாகப் போனாள்.

அவள் போட்ட எஸ்டிமேட்டில் பதின்மூன்றாம் பக்கம் ஒரு பட்டியல். பணம் பற்றாவிட்டால் தள்ளிப்போடக் கூடியவை. எல்லோருக்கும் இந்தப் பட்டியலைப் போட்டுக் கொடுப்பாள். தம்பிக்குப் போட்டதில் சுற்றுச்சுவர் முதலில் இருந்தது. பிறகு பால்கனி, ஹாலுக்கு அலங்காரக் கூரை, சமையலறைக்கு கிரானைட் என்று போய், ஒன்பதாவதாகக் கடைசியில், கீழ் அறையின் பாத்ரூம். தன்னுடையதை மட்டும் எழுதாமல் விட்டால் நியாயமாக இருக்காது என்று அவளே சேர்த்ததுதான் அது.

வேலை தொடங்கிப் பத்தே நாளில் களிமண் வந்தது. அஸ்திவாரத்தை இன்னும் மூன்றடி ஆழம் தோண்ட வேண்டியதாகிவிட்டது. ரெண்டே கால் லட்சம் கூடுதல். பிறகு சமையலறை நாலடி நீண்டது. பிறகு மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடி. "ஒரு தடவைதானே கட்டறோம், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. இந்த வாக்கியத்தை ஆபீஸில் அவள் தினமும் கேட்கிறவள். ஒருவர் ஒருமுறை இதைச் சொன்னால் எண்பதாயிரம் ஆகும் என்று ஒரு கணக்கே வைத்திருந்தாள். வீட்டில் அதைச் சொல்லிக்காட்டவும் செய்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸ் போகும் வழியில் தினமும் காலையில் சைட்டுக்குப் போவாள். கீழ்த்தளக் கூரைக்கு கான்கிரீட் போட இருந்த அன்றைக்குக் கம்பியைப் பார்த்ததுமே சந்தேகம். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். பீமுக்குப் பதினாறு மில்லி கம்பி போட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கிடந்தது. நாலு பீமிலும் அப்படியே. ஸ்கேலோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டாள். வேலையாட்கள் முன்னாலேயே கேட்டாள். "பதினாறுக்குக் காசு வாங்கியிருக்கீங்க. மிச்ச நாலு மில்லி எங்க?"

மேஸ்திரி முகம் கறுத்துப்போயிற்று. அன்றைக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர் இருபத்துமூன்று நாள் வரவில்லை. வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அவர் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தான். வந்ததும் அக்காவிடம் சொன்னான்.

"இனிமே நீ சைட்டு பக்கம் வராதக்கா. உன்ன பாத்தா அவர் வேலை செய்ய மாட்டேங்கறார்."

"கம்பிய மாத்தினாரா?"

"மாத்த மாட்டாராம். நாளைக்கு கான்கிரீட்."

"இப்ப விட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுடா. ஆபீஸ்ல சொல்லி நிறுத்தவா?"

"நிறுத்தி? மறுபடி அவன் கால்ல போய் விழவா? உன் வாய சும்மா வெச்சுக்க, போதும்."

லோனைப் பேங்க் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவளுடைய ஆபீஸிலிருந்து சர்டிஃபிகேட் போக வேண்டும். கூரைக் கட்டத்துக்கு வேறொருவர் போய், வாசலில் நின்று ரெண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஃபைல் அவள் மேஜை வழியாகத்தான் போனது. அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பி வீடு. தன் வீடும்தான் என்று அப்போது நினைத்திருந்தாள்.

தூணும் கூரையும் முடிந்து சுவர் எழும்புவதற்குள் இருபத்தைந்து லட்சம் கரைந்துவிட்டது. இனி வரவேண்டியது லோனின் கடைசித் தவணை நாலு லட்சம் மட்டும். பூச்சு, தரை, கதவு, ஜன்னல், வயரிங் எல்லாம் பாக்கி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது தம்பி பதின்மூன்றாம் பக்கத்தை எடுத்துவந்து வைத்தான். அதுவரை அந்தப் பதினான்கு பக்கத்தை யாரும் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"உன் பாத்ரூம இப்போதைக்கு விட்டுடலாம்க்கா. நீயே எழுதியிருக்கே."

"இது மேலேருந்து கீழ படிக்கற பட்டியல்டா. முதல்ல சுற்றுச்சுவர், அப்புறம் பால்கனி."

"எங்கேருந்து படிச்சா என்ன? நீ எழுதினதுதானே."

சரி என்று விட்டுக்கொடுத்தாள். பதினைந்து நாள் கழித்து அந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் வரவேண்டிய சுவரையே எழுப்ப வேண்டாம் என்று ஆயிற்று. சுவர் மிச்சம், கதவு மிச்சம், அலமாரி மிச்சம். ஹாலும் பெரிதாகத் தெரியும்.

"அப்ப நான் எங்க படுக்கறது?" என்று கேட்டாள்.

தம்பி சாதத்தைப் பிசைந்தான். "மாடில, பாப்பாகூட."

பாப்பா போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அத்தை கூடவா? பன்னெண்டு வருஷம் படுத்தாச்சு. எனக்குன்னு ஒரு ரூம் வேணும்னுதானே வீடே கட்டறோம்?" சற்றுப் பொறுத்து, "அத்தையால படியும் ஏற முடியாது" என்றாள், அக்கறையாகத்தான்.

"ஹால்ல ஒரு திவான் போட்டுக்கலாம், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "டிவியும் அங்கேதான் இருக்கு. உங்களுக்கு வசதி."

அவள் அத்தனை பேர் வீட்டிலும் இதை வெட்டு, அதை வெட்டு என்று சொல்லியிருக்கிறாள். வெட்டப்பட்ட அறையில் யார் படுக்க இருந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என் ஒன்பது லட்சத்த கொடுத்துடு. நான் வேற இடம் பாத்துக்கறேன்."

"எங்கேருந்து தர்றது? சுவத்துலேருந்து உரிச்சுத் தரவா?"

"வேற எங்கேருந்தாவது கொடு. அது என் பணம்."

"உன் பணம், உன் பணம்னு எத்தன தடவ சொல்லுவே?" தம்பியின் குரல் ஏறவில்லை. நிதானமாகத்தான் சொன்னான். "மாமா செத்ததுக்கு வந்த காசு. நீயா சம்பாதிச்சே? அவர் உயிரோட இருந்திருந்தா உனக்கு ஒன்பது லட்சம் ஏது?"

தம்பி மனைவி தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். யாரும் அவனை அதட்டவில்லை.

ஒரே வாரத்தில் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்தாள். மெஷின் ஓடும்போது டம்ளரில் தண்ணீர் நடுங்கும். ரெண்டு பெட்டி, ஒரு ஃபேன், ஒரு குக்கர். அவள் கிளம்பும்போது தம்பி மனைவி கதவருகில் நின்று, பாப்பாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "போறவங்க இந்த மாச வாடகைப் பாதிய கொடுத்துட்டுப் போகட்டும். திடீர்னு போனா நாங்க என்ன பண்றது." அவள் பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள்.

நாலு மாதம் ஒருவரும் போன் பண்ணவில்லை. ஐந்தாம் மாதம் தம்பியின் ஃபைல் கடைசித் தவணைக்காக ஆபீஸுக்கு வந்தது. இன்ஜினீயர் அவளைக் கூப்பிட்டார்.

"எண்பத்தஞ்சு சதவீதம் முடிஞ்சிருந்தா பேங்க் பணத்த விட்டுடும். உங்க தம்பி வீடு. வேற யாரையாவது அனுப்பவா?"

"வேணாம் சார். நானே போறேன்."

"பொதுவா கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் எண்பத்தஞ்சுன்னு போட்டுடுவோம். ரெண்டு மாசத்துல முடிச்சிடுவாங்க" என்றார். அவருக்கு அவள்மேல் பரிவு.

தம்பி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தான். ஒரு நாற்காலி, ஒரு பாட்டில் ஜூஸ் எல்லாம் தயாராக இருந்தது. "இளைச்சுட்டேக்கா" என்றான். அவள் ஜூஸைத் தொடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹால் உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. நடுவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சோபா. ஜன்னல்களுக்குச் சட்டம் மட்டும் இருந்தது, கதவில்லை. பின்பக்கம் பூச்சே இல்லை. பாத்ரூமில் குழாய் இல்லை. கூரைக்கு மட்டும் ஜிப்சம் பூவேலை முடிந்திருந்தது. ரெண்டு மணி நேரம் ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். அவன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

"பாத்து போடுக்கா. இந்தத் தவணை வரலைன்னா நான் ஒழிஞ்சேன்."

"அளந்துதான் போடுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். மாமாவப் பத்தி. மனசுல வெச்சுக்காத."

"பரவால்ல" என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தான்.

ஆபீஸில் அவள் எழுதினாள். முடிந்த வேலை, எழுபத்தொரு சதவீதம். அடுத்த நிமிஷம் ஒரு பாராவும் சேர்த்தாள். பீம்களில் பதினாறு மில்லிக்குப் பதில் பன்னிரண்டு மில்லி கம்பி போடப்பட்டிருக்கிறது. பலத்தைச் சோதிக்காமல் மாடியில் பாரம் ஏற்றுவது ஆபத்து. போனிலிருந்து பழைய போட்டோவைப் பிரிண்ட் எடுத்து இணைத்தாள்.

இன்ஜினீயர் ரெண்டு தரம் படித்தார். "இந்தக் கம்பி விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா நிறுத்தி மாத்தியிருக்கலாமே. கூரைக்கு நம்ம ஆபீஸ்தானே சர்டிஃபிகேட் கொடுத்துச்சு."

எழுத்தில் வந்துவிட்ட பிறகு அவராலும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பேங்க் தவணையை நிறுத்தி, பீம்களைச் சோதித்து பலப்படுத்திவிட்டு வா என்று கடிதம் அனுப்பியது. அதற்கு மட்டும் மூன்றரை லட்சம். மேஸ்திரியின் போன் அணைந்தது அணைந்ததுதான். லோனுக்கு மாதத் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்ட முடியாமல், தம்பி குடும்பத்தோடு அந்த அரைகுறை வீட்டுக்கே குடிவந்தான். ஜன்னல்களுக்கு பிளைவுட் அடித்தார்கள். மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று எழுத்துமூலம் வந்துவிட்டதால் மூன்று பேரும் ஹாலில்தான் படுத்தார்கள். மழை வந்தபோது பின்சுவர் தண்ணீரைக் குடித்து உள்பக்கம் உப்பியது. பாப்பா பரீட்சைக்கு சோபாவின்மேல் கால் தூக்கி வைத்துக்கொண்டு படித்தாள். நினைத்த மார்க் வரவில்லை.

ஏழு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு விற்றார்கள். இடிக்க வேண்டிய வீடு என்று சொல்லி, வாங்கினவர் மனைக்கு மட்டும்தான் விலை வைத்தார். லோன் அடைந்தது. நகை போயிற்று, ஒன்பது லட்சம் போயிற்று. தம்பி குடும்பம் முன்பிருந்ததைவிடச் சின்ன வாடகை வீட்டுக்குப் போனது. கூடப்பிறந்தவளே குடியைக் கெடுத்தாள் என்று தம்பி மனைவி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பேருந்தில் ஒருநாள் இவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, காலியாக இருந்த பக்கத்து சீட்டில் உட்காராமல் கடைசிவரை நின்றுகொண்டே போனாள்.

ஒரு மத்தியானம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தபோது, போன் வந்தது.

"அத்தை, நான்தான்."

"சொல்லு பாப்பா."

"நீங்க எழுதினது உண்மைதான்னு அப்பா சொல்றாரு. நீங்க பழி வாங்கிட்டீங்கன்னு அம்மா சொல்றாங்க. எது?"

"ரெண்டும்தான்."

பாப்பா போனை வைத்துவிடுவாள் என்று அவள் நினைத்தாள். ஆனால் பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்கு வெளியூர் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல சேரணும். அப்பாகிட்ட பணம் இல்ல. முப்பதாயிரம் இருந்தா போதும்னு அம்மா சொல்றாங்க."

அவளிடம் அறுபதாயிரம் இருந்தது. முட்டிக்கு வைத்தியம் பார்க்க ஒரு வருஷமாகச் சேர்த்தது.

"முப்பதாயிரம் பத்தாது" என்றாள். "ஹாஸ்டல் டெபாசிட் தனியா கேப்பாங்க, மெஸ்ஸுக்கு முன்பணம் தனியா. புஸ்தகம், மெத்தை, வந்து போற செலவு. ஐம்பத்தஞ்சு ஆகும். எழுதிக்கோ."

பாப்பா எழுதினாளோ என்னவோ, "ம்" என்றாள். பிறகு காத்திருந்தாள். அவள் காத்திருக்கிறாள் என்று அத்தைக்குத் தெரிந்தது. சின்ன வயசில் பக்கத்தில் படுத்திருந்த பாப்பாவின் மூச்சை வைத்தே அவள் தூங்கினாளா இல்லையா என்று கண்டுபிடித்தவள் அத்தை.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

"இல்ல அத்தை."

"சரி. வெச்சுடறேன்."

சாப்பாடு ஆறியிருந்தது. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பேங்க் வாசல்வரை நடந்தாள். பூட்டியிருந்தது; ஐந்து மணிக்கு மேல் திறந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. படியில் ஒரு நிமிஷம் நின்று முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சேரும் கடைசித் தேதி எது என்று பாப்பா சொல்லவில்லை; அவளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.